ஒற்றைச் சிறகை வைத்து ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கலாமா?

முள்ளியவளையில் உயர்தர உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: “விரல் நுனியளவு சிறகுத் துண்டு ஒன்றைக் கல்லில் கண்டுவிட்டு, இது அழிந்துபோன புதிய பூச்சியினம் என்று பெயர் வைக்கிறார்கள். தலை இல்லை, கால் இல்லை, உடல் இல்லை. இதை எப்படி நம்புவது? எங்கள் வன்னியில் தேடினால் இப்படி ஏதாவது கிடைக்குமா?”

பிள்ளை, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஊரை விட்டுப் படிக்கப் போய், பிறகு பல ஆண்டுகள் உயிர்ச்சுவட்டுச் சிறகுகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து வரைந்தவன் நான். தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன். வன்னியைப் பற்றிய பதிலைக் கடைசியில் தருகிறேன். அதற்கு முன் சிறகைப் பற்றிப் பேச வேண்டும்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்த இரவை நினைத்துப் பாருங்கள். விறாந்தையில் மின்குமிழைச் சுற்றி ஈசல் மொய்க்கிறது. இரவில் பல்லியும் தவளையும் தின்கின்றன. மிஞ்சியதை விடியற்காலையில் கோழிகள் பொறுக்கிவிடுகின்றன. நீங்கள் விளக்குமாற்றுடன் வரும்போது ஈசல் ஒன்றுகூட இல்லை. சுவரோரத்தில் சிறகுகள் மட்டும் கும்பலாகக் கிடக்கின்றன. மூச்சுப் பட்டாலே பறக்கின்றன. உங்கள் கேள்வியின் பாதிக்கு விடை அந்தக் கும்பலில் இருக்கிறது. உடலில் தசை உண்டு, கொழுப்பு உண்டு. தின்னவும் அழுகவும் அதில் நிறைய இருக்கிறது. சிறகில் அப்படி ஒன்றும் இல்லை. பூச்சியின் புறவோட்டை ஆக்கும் கைற்றின் என்ற பொருளாலான இரண்டு மெல்லிய படலங்களும் அவற்றிடையே ஓடும் நரம்புகளும்தான். தின்பவர் இல்லாததால் அது கிடக்கிறது. காற்று அதை நீரில் சேர்க்கிறது, நீர் அதைச் சேற்றில் படுக்க வைக்கிறது. அந்தச் சேறு இறுகிக் கல்லானால் சிறகும் அதற்குள் இருக்கும். பல இடங்களில் பூச்சி உயிர்ச்சுவடு என்றாலே பெரும்பாலும் தனிச் சிறகாக இருப்பதன் காரணம் இதுதான். ஆராய்ச்சியாளர் சிறகைத் தேர்ந்தெடுக்கவில்லை. காலம் மிச்சம் விட்டதை அவர் எடுத்துக்கொள்கிறார்.

மிச்சமிருப்பது சிறகுதான் என்பதற்காக அது போதுமான சான்றாகிவிடாது. அது எப்படிச் சான்றாகிறது என்பதற்கு நரம்புகளைப் பார்க்க வேண்டும்.

சிறகில் தெரியும் கோடுகள் உள்ளே வெறுமையான குழாய்கள். கூட்டுப்புழுவிலிருந்தோ அணங்கு எனப்படும் சிறகு விரியாத இளம் பருவத்திலிருந்தோ பூச்சி வெளியே வந்ததும் அவற்றின் வழியேதான் குருதிநீர் பாய்ந்து சுருங்கிக் கிடந்த சிறகை விரிக்கிறது. எந்த நரம்பு எங்கே பிரிய வேண்டும் என்பது பரம்பரையாக வருவது. நம் உள்ளங்கை ரேகை ஆளுக்கு ஆள் மாறும். சிறகு நரம்பின் அடிப்படை அமைப்போ ஓரினத்துப் பூச்சிகள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும்; அடுத்த இனத்தில் சிறிதாகவும், அடுத்த சாதியில் (நெருங்கிய இனங்களின் தொகுதி) இன்னும் கூடுதலாகவும், அடுத்த குடும்பத்தில் வெளிப்படையாகவும் மாறும். 1898, 1899ஆம் ஆண்டுகளில் கொம்ஸ்டொக், நீதாம் என்ற இரு அமெரிக்கப் பூச்சியியலாளர்கள், எல்லாப் பூச்சிகளின் முதன்மை நரம்புகளும் ஒரே மூலத்திட்டத்திலிருந்து வந்தவை என்று காட்டி, அவற்றுக்குப் பொதுப் பெயர்களைக் கொடுத்தார்கள். முன் விளிம்பிலிருந்து பின்னோக்கிக் கொஸ்டா, சப்கொஸ்டா, ரேடியஸ், மீடியா, கியூபிட்டஸ், கடைசியில் ஏனல் நரம்புகள். நூற்றாண்டுக்கு மேலாகத் திருத்தப்பட்டு வந்தாலும் இன்றும் நாங்கள் சிறகை வாசிப்பது இந்த எழுத்துகளால்தான்.

சிறகு தட்டைத் தாள்போல இருப்பதில்லை. பனையோலையைப் பிடித்துப் பாருங்கள்: மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று மடிந்திருக்கும். மெல்லிய ஓலை காற்றுக்கு வளையாமல் நிற்பது அந்த மடிப்பால்தான். சிறகும் அப்படித்தான். கொஸ்டா மேட்டில் ஓடும், சப்கொஸ்டா பள்ளத்தில் ஓடும், ரேடியஸ் மறுபடி மேட்டில். கல்லில் அரைகுறையாக ஒரு நரம்பு தெரியும்போது அது எந்த நரம்பு என்பதை முடிவுசெய்ய இந்த மேடுபள்ளம் பெரிய துணை.

துணை செய்வதுபோலவே ஏமாற்றவும் செய்யும். நான் முதலில் வரைந்த உயிர்ச்சுவட்டுச் சிறகு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சாம்பல் நிறக் களிமண் கல். பதினாறு மில்லிமீற்றர் நீளச் சிறகு. அடிப்பக்கம் உடைந்து போயிருந்தது. மூன்று வாரம் இருந்து ஒவ்வொரு குறுக்கு நரம்பையும் வரைந்தேன். என் ஆசிரியர் வரைபடத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் மேசை விளக்கைத் தூக்கி மறுபக்கத்தில் வைத்தார். என் கண்ணுக்கு மேடாகத் தெரிந்தவை எல்லாம் பள்ளமாகிவிட்டன. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அறியாமல் பார்த்தால் கண் அப்படித்தான் மயங்கும். அதனால்தான் வெளிச்சம் இடது மேல்மூலையிலிருந்து விழவேண்டும் என்ற வழக்கம் உண்டு. நான் வைத்திருந்தது சிறகு பதிந்த அச்சுப் பக்கம். அதில் மேடு பள்ளமாகவும், இடது வலதாகவும் மாறியிருக்கும். சப்கொஸ்டா மேடாக நின்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்தப் படத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தேன். அன்றிலிருந்து எந்தக் கல்லைக் கையில் எடுத்தாலும் முதலில் சப்கொஸ்டாவைத் தேடுகிறேன்.

புதிய இனத்தை விவரிக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த வரைதல்தான். ஊசிமுனையால் கல் துகளை நீக்குவது; ஒரு துளி அற்ககோல் விட்டு நரம்பின் நிறம் எழும்பி வரும் சில நொடிகளுக்குள் பார்ப்பது; அது உலர்ந்ததும் விளக்கைத் தாழ்த்திச் சாய்வெளிச்சத்தில் மறுபடி பார்ப்பது. கண்ணால் கண்டதை முழுக்கோட்டால் வரைவோம். உடைந்த இடத்தில் நரம்பு இப்படித்தான் போயிருக்கும் என்று ஊகிப்பதைப் புள்ளிக்கோட்டால் வரைவோம். இந்தப் புள்ளிக்கோடு எனக்கு மிக முக்கியமானது. ஒருவர் வரைந்த படத்தில் புள்ளிக்கோடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தே அவருடைய நேர்மையை அளக்கலாம்.

வரைந்தபின் ஒப்பிடுவது. சப்கொஸ்டா சிறகின் நீளத்தில் எவ்வளவு தூரத்தில் முடிகிறது, ரேடியஸின் பின்கிளை எங்கே பிரிந்து எத்தனை கிளைகளாகிறது, மீடியா எங்கே கவர் விடுகிறது, குறுக்கு நரம்புகள் எத்தனை வரிசை. அந்தக் குடும்பத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட ஒவ்வொரு இனத்தோடும் இவற்றை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். வெளியிடும் கட்டுரையில் முழு வர்ணனை ஒருபுறம் இருக்க, “இது மற்றவற்றிலிருந்து இன்னின்ன இயல்பால் வேறுபடுகிறது” என்ற சில வரிகள் தனியே வரும். உயிர்நாடி அந்த வரிகள்தான். 1930க்குப் பின் வெளியான பெயர் எதுவும் வேறுபடுத்தும் இயல்புகள் சொல்லப்படாமல் செல்லுபடியாகாது என்பது விலங்குப் பெயரிடலின் சர்வதேச விதி. 1999க்குப் பின் இன்னொரு கட்டாயமும் உண்டு: பெயர் எந்த மாதிரியைச் சார்ந்து நிற்கிறது, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்த ஒற்றை மாதிரியை ஹோலோடைப் என்கிறோம்.

உங்கள் ஐயத்துக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெயர் கட்டப்பட்டிருப்பது அந்தக் கல்லில். விஞ்ஞானியின் கற்பனையில் உள்ள முழுப் பூச்சிக்கு எவரும் பெயர் வைப்பதில்லை. “இந்த இலக்கமுள்ள கல்லில் இருக்கும் சிறகு, நாம் அறிந்த எந்தச் சிறகோடும் ஒத்துப்போகவில்லை” என்பதுதான் கூற்று. ஐம்பது ஆண்டு கழித்து யாராவது அதே பெட்டியைத் திறந்து அதே கல்லைப் பார்த்து, நீ சொன்னது தவறு என்று நிறுவலாம். அப்படி நிறுவியும் இருக்கிறார்கள்.

1873இல் இங்கிலாந்தின் ஸ்டோன்ஸ்பீல்டில் கிடைத்த ஜுராசிக் காலச் சிறகு ஒன்றைப் பட்லர் என்பவர் வண்ணத்துப்பூச்சி என்று விவரித்து, பலியொன்டினா ஊலிட்டிக்கா என்று பெயரிட்டார். அகன்ற சிறகு, முதல் பார்வையில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பின்னர் அதே குடும்பத்துச் சிறகுகள் வேறு நாடுகளில் கிடைத்து, நரம்புகளைச் சரியாக வாசித்தபோது, அவை சிள்வண்டின் உறவுகள் என்று தெரிந்தது. வண்ணத்துப்பூச்சி எங்கே, சிள்வண்டு எங்கே! குடும்பத்துக்கும் மேலான ‘வருணம்’ என்ற பிரிவே மாறிவிட்டது. ஆனாலும் பட்லர் வைத்த இனப்பெயர் இன்றும் நிற்கிறது. அந்தச் சிறகு தனி இனம் என்ற கூற்று தவறாகவில்லை. உறவு முறையைச் சொன்னதுதான் தவறானது.

எல்லாப் பெயரும் இப்படித் தப்புவதில்லை. 1906க்கும் 1908க்கும் இடையில் ஹன்ட்லிர்ஷ் என்ற ஒஸ்திரிய அறிஞர் அதுவரை கிடைத்த பூச்சி உயிர்ச்சுவடுகள் அனைத்தையும் திரட்டிப் பெருநூல் ஒன்று எழுதினார். அந்தக் காலத்தில் நிலக்கரிக் காலத்துக் கரப்பான் வகைச் சிறகுகளில் ஒரு கிளை கூடினாலும் குறைந்தாலும் புதிய இனம் என்று பெயர் வைத்தார்கள். சிக்கல் என்னவென்றால், கரப்பானின் நரம்புக் கிளைகள் ஒரே பூச்சியின் இடது சிறகிலும் வலது சிறகிலும்கூட ஒத்திருப்பதில்லை. குசினியில் கிடைக்கும் கரப்பானிலேயே நீங்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பின்வந்தவர்கள் அந்தப் பெயர்களில் பலவற்றை ஒன்றோடொன்று சேர்த்து அழிக்க வேண்டியிருந்தது. முன்சிறகுக்கு ஒரு பெயர், அதே பூச்சியின் பின்சிறகுக்கு இன்னொரு பெயர் என்று வைத்த பிழைகளும் உண்டு. கல் புவியமுக்கத்தால் இழுபட்டிருந்தால் சிறகும் நீண்டோ அகன்றோ தெரியும். அந்த நீள அகலத்தை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. எனவே ஓர் இயல்பைக் கையில் எடுக்கும் முன், அந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடிருக்கும் பூச்சிகளில் அது எவ்வளவு மாறுகிறது என்று அளந்து பார்ப்பது கடமை. உயிருள்ள சிறகை அறியாதவர் கல்லிலுள்ள சிறகை விவரிக்க முன்வரக் கூடாது என்பதே என் முடிவான கருத்து.

சிறகின் வலுவையும் எல்லையையும் ஒருசேரக் காட்டும் உதாரணம் வன்னியிலேயே இருக்கிறது. மலேரியாவை அறியாத வீடு நம் பெற்றோர் காலத்தில் இங்கே இருந்ததில்லை. 2016 செப்டெம்பரில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நுளம்பு பிடிக்க வந்தவர்கள் அனோபிலிஸ் வகைகளைப் பிரித்தறியக் கைவில்லையில் முக்கியமாகப் பார்த்தவற்றுள் ஒன்று சிறகின் முன்விளிம்பில் உள்ள கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். சிறகையும் பார்த்துத்தான் நோய் காவும் அனோபிலிஸ் கியூலிசிபாசிஸை மற்றவற்றிலிருந்து பிரித்தார்கள். உயிருள்ள பூச்சிக்கே சிறகு அவ்வளவு நம்பகமான அடையாளம். ஆனால் அந்த ஒரே பெயருக்குள் இலங்கையில் பி (B), ஈ (E) என்று இரண்டு வகைகள் இருக்கின்றன. இது 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. வேறுபாடு வை (Y) நிறமூர்த்தத்தின் வடிவில் தெரிந்தது. நோய் பரப்புவதில் முக்கியமானது ‘ஈ’ (E) வகை. சிறகில் இரண்டும் ஒன்றுதான். கல்லிலுள்ள சிறகில் நிறமூர்த்தம் கிடைக்காது. ஆகவே உயிர்ச்சுவட்டில் நாங்கள் ஓர் இனம் என்று சொல்வதற்குள் உண்மையில் இரண்டோ மூன்றோ ஒளிந்திருக்கலாம். சிறகால் பிரித்தறியக்கூடிய அளவுக்குத்தான் எங்கள் இனங்கள் இனங்கள்.

பெயர் வைக்காமல் விடுவதும் இந்த வேலையின் ஒரு பகுதி. சிறகு நல்ல நிலையில் இருக்கும், தனி இனம் என்பதும் தெளிவாக இருக்கும்; ஆனால் எந்தச் சாதி என்று முடிவுசெய்யும் பகுதி உடைந்திருக்கும். வட அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் கிடைத்த பெரிய வலைச்சிறகிப் பூச்சிகளின் உயிர்ச்சுவடுகளை 2006இல் மீளாய்வு செய்த ஆர்ச்சிபால்டும் மக்கார்கினும், இப்படிப்பட்டவற்றைப் பொலிஸ்டிகோட்டைட்டிஸ் என்ற பொதுத்தொகுப்புப் பெயரின் கீழ் வைத்தார்கள். “இன்ன குடும்பம், சாதி நிச்சயமில்லை” என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இப்படி வெளிப்படையாகச் செய்வதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெரிய தும்பிகளைப் பற்றி நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். மெகனியூரா என்ற பெயரை 1885இல் பிரொங்னியார் வைத்தார். பிரான்சின் கொமன்ட்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தது. சிறகு விரித்தால் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றருக்கு மேல். பெயரின் பொருளே பெருநரம்பு என்பதுதான். இன்றைய தும்பிச் சிறகின் நுனியோரம் இருக்கும் கரும்புள்ளி அதில் இல்லை, நரம்பமைப்பும் எளிமையானது. அதனால் அதை உண்மைத் தும்பிகளோடு சேர்க்காமல் தனியே வைக்கிறார்கள். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் கிடைத்த மெகனியுரொப்சிஸ் அமெரிக்கானாவைக் கார்ப்பென்டர் 1947இல் விவரித்தபோது கையில் இருந்தது 28 சென்ரிமீற்றர் நீளமான உடைந்த சிறகு. முழுச் சிறகு 30.5 சென்ரிமீற்றர் இருந்திருக்கும் என்று கணித்தார். முன்பு சொன்ன புள்ளிக்கோடு இந்த இரண்டரைச் சென்ரிமீற்றரில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. மியன்மாரின் கச்சின் பகுதியில் கிடைக்கும் ஏறத்தாழ 99 மில்லியன் ஆண்டு பழமையான அம்பரில், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசினில், பூச்சிகள் முழு உடலோடு இருக்கின்றன; சிறகோடு மல்லுக்கட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆசை. ஆனால் அது போர் நடக்கும் மண். 2017இல் இராணுவம் அந்தச் சுரங்கப் பகுதியைக் கைப்பற்றியபின், அம்பர் விற்ற பணம் எங்கே போகிறது என்ற கேள்வி எழுந்தது. 2020இல் முள்ளந்தண்டுளித் தொல்லுயிரியல் சங்கம், அந்த அம்பரை வைத்துக் கட்டுரை வெளியிடுவதை நிறுத்திவைக்கும்படி ஆய்விதழ்களைக் கேட்டது. தனியார் கையில் இருக்கும் மாதிரியை வேறொருவர் பார்த்துச் சரிபிழை சொல்லவும் முடியாது. போர் தின்ற ஊரில் பிறந்த எனக்கு, எந்தக் கல் யாருடைய மண்ணிலிருந்து எப்படி வந்தது என்று கேட்காமல் அதற்குப் பெயர் வைக்கக் கை வராது.

இனி வன்னி. மாங்குளம், ஓமந்தை, வவுனியாப் பக்கம் உடைக்கும் கருங்கல்லில் தேட வேண்டாம். அந்தப் பாறைத் தொகுதிக்குப் புவிச்சரிதவியலில் வன்னியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் அடியாழத்தில் வெந்து உருமாறிய பாறை அது. உலகில் இதுவரை கிடைத்த மிகப் பழைய பூச்சிச் சிறகு ஏறத்தாழ 325 மில்லியன் ஆண்டு பழமையானது. பூச்சிச் சிறகு பதிவதற்கு அந்தப் பாறை வயதாலும் பொருந்தாது, வெந்த வெப்பத்தாலும் பொருந்தாது.

பூநகரி, மன்னார்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஜுராசிக்குக்கு மிகவும் பிந்திய மயோசீன் காலத்தது, கடலில் படிந்தது. அதில் சிப்பியும் கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் இருக்கின்றன. அலையடிக்கும் ஆழங்குறைந்த கடலில் ஈசல் சிறகு போன்ற ஒன்று கிழியாமல் தப்புவது அரிது. ஜேர்மனியின் சொல்ன்ஹொபன் கல்லும் கடற்கல்தான், அதில் அழகான தும்பிகள் உண்டு. ஆனால் அது அசைவற்ற உப்பங்கழியின் அடியில் படிந்த நுண்சேறு. இரணைமடுவின் பெயரால் அழைக்கப்படும் செம்மண், பரல் படிவுகள் இன்னும் இளையவை. அவற்றில் கற்கால மனிதரின் கருவிகள் கிடைத்திருக்கின்றன. சிறகைக் காப்பதற்கு அந்தப் பரல் மிகக் கரடு.

எனக்கு நம்பிக்கை தரும் இடம் சற்றுத் தெற்கே, வில்பத்துக் காட்டுக்கு அப்பால், புத்தளத்துக்குக் கிழக்கே உள்ள தப்போவ. அங்கே ஜுராசிக் கால அடையற் பாறை இருக்கிறது. அதில் கிடைத்த இலைச் சுவடுகளைச் செவார்டும் ஹொல்ட்டமும் 1922இல் விவரித்தார்கள். இலை நரம்போடு பதிந்த சேற்றில் சிறகும் பதிந்திருக்க இடமுண்டு. அப்படி ஒரு கல்லைப் பிளக்கும் நாள் உங்களுக்கு வாய்த்தால், இரண்டு பாதியையும் எடுத்து ஒரே இலக்கம் இட்டுச் சேர்த்துச் சுற்றுங்கள். ஒரு பாதியில் இல்லாதது மறு பாதியில் இருக்கும்.

அதுவரை எந்தக் காட்டிலும் போய்த் தோண்ட வேண்டாம். மிதிவெடி அகற்றி முடியாத நிலம் நம்மிடம் இன்னும் இருக்கிறது; சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்று எண்ணிவிடவும் கூடாது.

முத்தையன்கட்டுக் குளம் ஆவணியில் வற்றும்போது அடிச்சேறு காய்ந்து ஓடு ஓடாக வெடித்துச் சுருளும். சிறுவயதில் அப்படி ஓர் ஓட்டைத் தூக்கியபோது, அதன் அடியில் தும்பியின் ஒரு சிறகு ஒட்டிக்கொண்டிருந்தது. சிறகை உரித்தேன், அதன் அச்சு, ஒவ்வொரு கட்டமும் தெளிவாக, சேற்றில் இருந்தது. அடுத்த மாரியில் அது கரைந்திருக்கும். ஆனால் என் படிப்பு அங்கேதான் தொடங்கியது. நீங்களும் அங்கேயே தொடங்கலாம்.

முதல் மழைக்கு மறுநாள் கூட்டித் தள்ளும் முன் ஈசல் சிறகுகளில் பத்தை எடுத்துக் கறுப்புத் தாளில் ஒட்டுங்கள். முன்சிறகு எது, பின்சிறகு எது என்று பிரிக்கப் பாருங்கள். எளிதில் முடியாது, அவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். கறையான்களுக்கு ‘சமசிறகி’ என்று பொருள்படும் ஐசொப்டெரா என்ற பெயர் வந்ததே அதனால்தான். பிறகு வடகீழ்ப் பருவக்காற்றோடு கூட்டமாக வரும் மஞ்சள் தும்பி ஒன்று செத்துக் கிடந்தால் அதன் சிறகுகளைக் கைவில்லையின் கீழ் வையுங்கள். அடிப்பக்கத்துக்குக் கிட்ட நரம்புகள் சேர்ந்து ஒரு சிறு முக்கோணம் அமைத்திருக்கும். ஒரு சிறகில் அது சிறகுக்குக் குறுக்கே நிற்கும். மற்றதில் சிறகின் நீளப் பக்கமாகப் படுத்திருக்கும். குறுக்கே நிற்பது முன்சிறகு. வரைந்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஓரத்தில் குறித்து எனக்கு அனுப்புங்கள்.